செவோஃப்ளூரேன்: டயலை விட்டு மானிட்டரைப் படிப்பது எப்படி

மயக்கவியல் முதுகலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் தியேட்டருக்குள் வந்ததும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "மேடம், செவோ எத்தனையில் வைக்கணும்?" செவோ என்பது செவோஃப்ளூரேன், மூச்சுக்காற்றோடு கலந்து கொடுக்கும் மயக்க மருந்து. நான் உடனே பதில் சொல்வதில்லை. "எந்த எண்ணைக் கேட்கிறீங்க? மூணு இருக்கே" என்பேன். கேட்டவர் வேப்பரைசரை, அதாவது மருந்தை ஆவியாக்கிக் காற்றில் கலக்கும் கருவியைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், மறுபடி வேப்பரைசரையே பார்ப்பார்.

வேப்பரைசர் டயலில் நாம் வைப்பது ஒரு எண். நோயாளி உள்ளே இழுக்கும் காற்றில் நிஜமாக இருப்பது இரண்டாவது. மானிட்டரில் எஃப்ஐ என்று வரும். மூச்சை விடும்போது கடைசியாக வெளியே வரும் காற்றில் இருப்பது மூன்றாவது. ஈடி, அதாவது எண்ட் டைடல். மூளையில் இருக்கும் அளவுக்குப் பக்கத்தில் வருவது இந்த மூன்றாவதுதான். செவோவின் மருந்தியலில் பாதிக்கு மேல், இந்த மூன்று எண்களும் ஏன் ஒன்றாக இருப்பதில்லை என்ற கேள்விக்கான பதில்தான். அதே வரிசையில் சொல்கிறேன். முதலாண்டு முதுகலை மாணவர்களையும் அனஸ்தீசியா டெக்னீஷியன் படிப்பவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். ஆனால் மூச்சுப்பாதையைக் காக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் யாரும் தொடக்கூடாத மருந்து இது.

பாட்டிலில் இருந்து டயலுக்கு

செவோ அறை வெப்பத்தில் திரவம். 58.5 டிகிரியில் கொதிக்கும். 20 டிகிரியில் அதன் ஆவியழுத்தம் சுமார் 160 மிமீ பாதரசம். அதாவது மூடிய அறைக்குள் அப்படியே விட்டால் ஐந்தில் ஒரு பங்கு காற்று செவோவாக இருக்கும், 21 சதவீதம். அதை யாருக்கும் கொடுக்க முடியாது. அதனால் வேப்பரைசர், வரும் காற்றை இரண்டாகப் பிரித்து, ஒரு சிறு பங்கை மட்டும் திரவத்தின் மேலாக அனுப்பி, மீதியோடு கலந்து வெளியே விடுகிறது. டயல் செய்வது இந்தப் பங்கீட்டைத்தான். அதிகபட்சம் 8 சதவீதம்.

பங்கீடு அந்தந்த மருந்தின் ஆவியழுத்தத்துக்கு ஏற்றபடி செய்யப்பட்டது என்பதால், மருந்து மாறினால் கணக்கே மாறிவிடும். பழைய மயக்க மருந்தான ஹாலோத்தேனின் ஆவியழுத்தம் 243. அதைச் செவோ வேப்பரைசரில் ஊற்றி டயலை 2இல் வைத்தால், மூன்றரை சதவீதம் ஹாலோத்தேன் வரும். நாலு மேக்குக்கு மேல் (மேக் என்பது மயக்க மருந்தின் வீரியத்தை அளக்கும் அளவுகோல், விளக்கம் கீழே வரும்). செவோவுக்கென்று வைத்த மஞ்சள் நிறமும், வேறு பாட்டிலில் பொருந்தாத சாவி வடிவ நிரப்பியும் இதற்காகத்தான். நிரப்பும் வேலையை டெக்னீஷியன் செய்தாலும், காலையில் மிஷின் செக் பண்ணும்போது லெவலையும் மூடியையும் நீங்களே பாருங்கள்.

இன்னொரு மயக்க மருந்தான டெஸ்ஃப்ளூரேன் இந்த மாதிரி வேப்பரைசரில் வராது. அதன் கொதிநிலை 23 டிகிரிக்கும் கீழே. ஏசி ஓடாத சென்னை அறையில் பாட்டிலைத் திறந்தால் கொதிக்கத் தொடங்கிவிடும். அதற்கு மின்சாரத்தில் சூடாக்கும் தனி வேப்பரைசர் வேண்டும்.

டயலில் இருந்து எஃப்ஐக்கு

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். குழாய்கள், கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடா லைம் டப்பா, பேக், நுரையீரல் எல்லாம் சேர்த்து சர்க்யூட்டின் கொள்ளளவு சுமார் 6 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 6 லிட்டர் புதுக் காற்று விட்டால் நேர மாறிலி (கொள்ளளவைப் புதுக் காற்றின் வேகத்தால் வகுத்தால் வருவது) ஒரு நிமிடம். மூன்று நேர மாறிலிகளில், அதாவது மூன்று நிமிடத்தில், சர்க்யூட் டயல் சொன்னதில் 95 சதவீதத்தைத் தொடும். அதுவே 1 லிட்டர் விட்டால் நேர மாறிலி ஆறு நிமிடம். 95 சதவீதத்துக்குப் பதினெட்டு நிமிடம். நோயாளியின் ரத்தம் வழியில் உறிஞ்சுவதை இதில் சேர்க்கவே இல்லை.

நான் அடிக்கடி பார்ப்பது இது. மூச்சுக்குழாயில் டியூப் போட்டாயிற்று, கையோடு ஃப்ளோவை, அதாவது புதுக் காற்றின் வேகத்தை, 1 லிட்டருக்கு இறக்குகிறார்கள், டயலை 2இல் வைக்கிறார்கள், நோட்ஸ் எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். பத்து நிமிடத்தில் சர்ஜன் கத்தி வைக்கும்போது ஈடி 0.8. தூங்க வைக்க ஊசியில் கொடுத்த புரொப்போஃபால் அதற்குள் பரவி இறங்கிவிட்டது. துடிப்பு ஏறும், அழுத்தம் ஏறும், தசையைத் தளர்த்தும் ரிலாக்ஸன்ட் குறைவாக இருந்தால் கையும் இழுக்கும். சர்ஜன் திரையின் மேலாக நம்மை எட்டிப் பார்ப்பார்.

செய்ய வேண்டியது சுலபம். டியூப் போட்டபின் 4 முதல் 6 லிட்டரில், டயலைக் கொஞ்சம் தாராளமாக வைத்து, ரத்த அழுத்தத்தைப் பார்த்தபடியே ஈடியை ஏற்றுங்கள். எஃப்ஐயும் ஈடியும் நெருங்கி வந்தபின் ஃப்ளோவை இறக்குங்கள். லோ ஃப்ளோவில் இருக்கும்போது அவசரமாக ஆழம் கூட்ட வேண்டுமா? டயலை மட்டும் திருப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள், ஃப்ளோவையும் ஏற்றுங்கள். இன்னொன்று: மாஸ்க்கை எடுத்து, டியூப் போட லாரிங்கோஸ்கோப்பி செய்யும் நேரத்தில் ஃப்ளோவை நிறுத்துங்கள், வேப்பரைசரை அல்ல. சர்க்யூட்டில் சேர்த்த செவோ அப்படியே இருக்கும், தியேட்டர் காற்றிலும் கலக்காது.

எஃப்ஐயில் இருந்து ஈடிக்கு

ரத்தத்தில் அதிகம் கரையும் மருந்து மெதுவாக வேலை செய்யும். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், இதைச் சொல்லாதவர் இல்லை. ஏன் என்று கேட்டால்தான் திணறுவார்கள். வெடித்துக் காய்ந்த மண் வாய்க்காலில் தண்ணீர் விட்டால் வழியிலேயே மண் குடித்துவிடும், கடைமடைக்குப் போய்ச் சேர நாளாகும். சிமெண்ட் வாய்க்காலில் உடனே போய்விடும். ரத்தம்தான் இங்கே மண். மயக்கம் வருவது ரத்தத்தில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதால் அல்ல, காற்றுநுண்ணறையிலும் அதன் வழியாக மூளையிலும் பகுதி அழுத்தம் எவ்வளவு ஏறியது என்பதால். ரத்தம் குடிக்கக் குடிக்க அந்த அழுத்தம் ஏறாது.

ரத்தத்தில் எவ்வளவு கரைகிறது என்பதைக் காட்டும் ரத்த-வாயு பகிர்வு எண் செவோவுக்கு 0.65. ஐசோஃப்ளூரேனுக்கு 1.4, ஹாலோத்தேனுக்கு 2.4, டெஸ்ஃப்ளூரேனுக்கு 0.42, நைட்ரஸ் ஆக்சைடுக்கு 0.47. அரை மணி நேரம் கொடுத்தபின் ஈடியை எஃப்ஐயால் வகுத்தால் செவோவுக்குச் சுமார் 0.85 வரும். ஐசோவுக்கு 0.73, ஹாலோத்தேனுக்கு 0.58. ஹாலோத்தேன் காலத்தில் படித்தவள் நான். அப்போது எங்கள் தியேட்டரில் வாயுவை அளக்கும் மானிட்டர் கிடையாது. கண்மணி, நாடி, நெஞ்சில் ஒட்டிய ஸ்டெதஸ்கோப், அவ்வளவுதான். டயலில் இருப்பதில் பாதிதான் உள்ளே சேர்ந்திருக்கிறது என்பதை அனுபவத்தில்தான் ஊகித்தோம். இன்று எண் கண்ணெதிரே ஓடுகிறது. அதைப் பார்க்காமல் டயலைப் பார்ப்பவர்கள் மீது எனக்குக் கோபம் வருவதற்கு அதுதான் காரணம்.

இரண்டு விஷயங்கள் இந்த இடைவெளியை மாற்றும். மூச்சு அதிகமானால் ஈடி வேகமாக ஏறும். இதயம் வெளித்தள்ளும் ரத்தம் அதிகமானால் ஈடி மெதுவாக ஏறும், ஏனென்றால் அதிக ரத்தம் வந்து அதிகம் குடிக்கிறது. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: ரத்தம் இழந்து ஷாக்கில் வந்தவருக்கு ஈடி சட்டென்று ஏறிவிடும். அவர் இதயமோ அதைத் தாங்காது. அவசர கேஸில் டயலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பச் சொல்வது இதனால்தான்.

செவோ குழந்தைகளுக்கான மருந்தாக நிலைத்தது கரைதிறனால் மட்டும் அல்ல, மூச்சுக்குழாயை எரிச்சல்படுத்தாததால். டெஸ்ஃப்ளூரேன் இன்னும் குறைவாகக் கரைகிறது. ஆனால் மாஸ்க்கில் கொடுத்தால் இருமல், மூச்சடைப்பு, குரல்வளை இறுகும் லாரிங்கோஸ்பாஸம் என்று வரிசையாக வரும். செவோவைக் குழந்தை இழுத்துவிடும். 6 லிட்டர், டயல் 8 என்று நேராகத் தொடங்குவது என் வழக்கம். சிலர் 2, 4, 6 என்று படிப்படியாக ஏற்றுவார்கள், அதிலும் தப்பில்லை. கண் மூடியபின் கை கால் உதறும் ஒரு கட்டம் வரும். அப்போது ஊசி குத்தவோ வாய்க்குள் எதையும் விடவோ கூடாது. பெற்றோர் கூட இருந்தால் இப்படி ஆகும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். குழந்தை தானாக மூச்சு விடும்வரை அதற்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ஆழம் கூடினால் மூச்சு குறையும், மூச்சு குறைந்தால் உள்ளே போகும் செவோவும் குறையும். நீங்கள் பேகை அழுத்தத் தொடங்கிய நொடியில் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. டயல் 8இலேயே இருக்க, வேகமாக பேகை அழுத்துவதுதான் சின்னக் குழந்தையின் அழுத்தமும் துடிப்பும் விழ நேர் வழி. அதனால் கை பேகுக்குப் போவதற்கு முன் டயலுக்குப் போகட்டும், பாதியாகக் குறையுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்குச் செவோ தூண்டலில் துடிப்பு இறங்குவது நன்கு தெரிந்த விஷயம். அவர்களுக்குத் துடிப்பை ஏற்றும் அட்ரோபின் சிரிஞ்சில் தயாராக இருக்கட்டும்.

சரி, ஈடி எவ்வளவு?

இப்போதுதான் முதல் கேள்விக்கு வருகிறோம். 1965இல் அமெரிக்க மயக்கவியலாளர் எகரும் சகாக்களும் முறைப்படுத்திய அளவுகோல் மேக்: தோலில் கத்தி வைக்கும்போது பாதிப் பேர் அசையாமல் இருக்கத் தேவையான காற்றுநுண்ணறை அளவு. நாற்பது வயதுக்காரருக்கு ஆக்சிஜனோடு மட்டும் கொடுத்தால் செவோவின் மேக் சுமார் 2 சதவீதம். பாதிப் பேர் என்பதைக் கவனியுங்கள். மீதிப் பாதி அசைவார்கள். 95 சதவீதம் பேர் அசையாமலிருக்க 1.3 மேக் வேண்டும்.

வயது இதை நிறைய மாற்றும். பிறந்த குழந்தைக்கு 3.3, மூன்று வயதுக்குமேல் 2.5, அறுபதில் 1.7, எண்பதில் 1.4. சில மானிட்டர்கள் வயதைக் கேட்டுவிட்டு மேக் காட்டும், சில கேட்காமலே நாற்பது என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் மானிட்டர் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ளாமல் எண்பது வயதுப் பாட்டிக்கு "1 மேக்" கொடுக்காதீர்கள். ஃபென்டனைல், மிடசோலம், உடல் குளிர்ச்சி, கர்ப்பம் எல்லாம் மேக்கைக் குறைக்கும். காய்ச்சல் கூட்டும். தினமும் குடிப்பவருக்குக் கூடும், அன்று குடித்துவிட்டு வந்தவருக்குக் குறையும். தைராய்டு ஒன்றும் செய்யாது. வைவாவில் இதில்தான் பிடிப்பார்கள்.

நடைமுறையில் ஃபென்டனைல் போன்ற ஓபியாயிடு வலிநிவாரணி கொடுத்த பெரியவருக்கு வயதுக்கேற்ற 0.7 முதல் 1 மேக் போதும். ரிலாக்ஸன்ட் கொடுத்திருந்தால் 0.7க்குக் கீழே போக விடாதீர்கள். மானிட்டர் அலாரத்தை அங்கேயே வையுங்கள். அசைய முடியாதவர் விழித்திருந்தால் நமக்குத் தெரியாது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடத்திய நேப்5 ஆய்வு, 2014 அறிக்கையின்படி, நோயாளிகள் தாமாகச் சொன்ன விழிப்புணர்வு ஏறக்குறைய 19,000 பொது மயக்கத்துக்கு ஒன்று. அவற்றில் பெரும்பாலானவை ரிலாக்ஸன்ட் கொடுத்த கேஸ்கள்.

மேக் அளப்பது அசைவை. அசைவைத் தடுக்கும் வேலை பெரும்பாலும் தண்டுவடத்தில் நடக்கிறது, நினைவை மறைக்கும் வேலை மூளையில். நினைவும் உணர்வும் மங்க, மேக்கில் மூன்றில் ஒரு பங்கு போதும். மருந்து எப்படி வேலை செய்கிறது என்றால், காபா-ஏ, கிளைசின் ஏற்பிகளைத் தூண்டி, சில பொட்டாசியம் வாயில்களைத் திறந்து, என்எம்டிஏவை அடக்குகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு மேயரும் ஓவர்டனும் எண்ணெயில் கரையும் அளவுதான் வீரியம் என்று கண்டார்கள். அந்தப் பொருத்தம் இன்றும் ஏறக்குறைய நிற்கிறது. காரணம் கொழுப்பு அல்ல, புரதங்கள் என்று பின்னால் தெரிந்தது.

ஊட்டியில் வேலை பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே காற்றழுத்தம் 760 இல்லை, சுமார் 580 மிமீ. மூளை பார்ப்பது சதவீதத்தை அல்ல, பகுதி அழுத்தத்தை. டயலைப் பழையபடியே வைத்தால், இந்த வகை வேப்பரைசர் சதவீதத்தைத் தானாகக் கூட்டிவிடும். பகுதி அழுத்தம் சமவெளியில் இருப்பதை ஒட்டியே வரும். மானிட்டரில் எண் கூடுதலாகத் தெரிகிறதே என்று பதறிக் குறைக்காதீர்கள்.

உடம்பில் என்ன செய்கிறது

ரத்தக் குழாய்களை விரித்து அழுத்தத்தை இறக்கும். துடிப்பை அதிகம் மாற்றாது. ஹாலோத்தேன் மாதிரி அட்ரினலினோடு சேர்ந்து இதயத்தைக் குழப்பாது என்பதால் சர்ஜன் அட்ரினலின் கலந்து ஊசி போடும்போது நிம்மதி. ஈசிஜியில் க்யூடி இடைவெளியை நீட்டும். மூச்சை ஆழமில்லாமல் வேகமாக்கும், மூச்சுக்குழாயை விரிக்கும், ஆஸ்துமாக்காரருக்கு நல்லது. 1 மேக்குக்கு மேல் மூளை ரத்த ஓட்டம் கூடும். அதிக அளவில், கூடவே வேகமாக பேகை அழுத்தினால், ஈஈஜியில் வலிப்பு மாதிரி அலைகள் வரலாம். கர்ப்பப்பையைத் தளர்த்தும்: பொது மயக்கத்தில் சிசேரியன் என்றால் குழந்தை வெளியே வந்ததும் ஓபியாயிடு கொடுத்துவிட்டு ஈடியைக் குறையுங்கள், இல்லையென்றால் ரத்தம் நிற்காது. ரிலாக்ஸன்டின் வீரியத்தைக் கூட்டும். ஆனால் செவோ வலிநிவாரணி அல்ல. வலிக்கான மருந்தைத் தனியாகத்தான் கொடுக்க வேண்டும்.

மாலிக்னன்ட் ஹைபர்தெர்மியாவை, அதாவது தசை விறைத்து உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறும் ஆபத்தான எதிர்விளைவைத் தூண்டும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் நிமிடக் கணக்கு. வெப்பம் ஏறுவது பல நேரம் தாமதமாகத்தான் தெரியும். காரணமில்லாமல் ஏறிக்கொண்டே போகும் கார்பன் டை ஆக்சைடும், வேகத் துடிப்பும், விறைத்த தசையும்தான் முன்னால் வரும். செவோவை நிறுத்தி, ஆக்சிஜனை 10 லிட்டருக்கு மேல் ஏற்றி, மயக்கத்தைப் புரொப்போஃபாலுக்கு மாற்றி, இதற்கான மருந்தான டான்ட்ரோலீனைக் கிலோவுக்கு 2.5 மிகி கொடுங்கள். அந்த மருந்து உங்கள் மருத்துவமனையில் இருக்கிறதா, எந்த அலமாரியில், ராத்திரி சாவி யாரிடம் என்று சேர்ந்த முதல் வாரத்திலேயே விசாரித்து வையுங்கள்.

சிறுநீரகப் பயமும் லோ ஃப்ளோவும்

உள்ளே போன செவோவில் சுமார் 5 சதவீதத்தைக் கல்லீரல் உடைக்கிறது. ஃப்ளூரைடு வரும். மெத்தாக்ஸிஃப்ளூரேன் காலத்தில் ஃப்ளூரைடால் சிறுநீரகம் கெட்டது என்பதால் செவோவையும் சந்தேகித்தார்கள். ஆனால் மெத்தாக்ஸிஃப்ளூரேன் சிறுநீரகத்துக்குள்ளேயே உடைந்தது. செவோ பெரும்பாலும் கல்லீரலில் உடைந்து, சீக்கிரம் வெளியேறிவிடுகிறது. ஹாலோத்தேன் ஹெபடைடிஸுக்குக் காரணமான டிரைஃப்ளூரோ அசிட்டைல் பொருளும் இதில் உருவாகாது.

இரண்டாவது பயம் காம்பவுண்ட் ஏ. செவோ சோடா லைமோடு வினைபுரியும்போது வருவது. எலிகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது, மனிதர்களில் அப்படி நிரூபணமாகவில்லை. அமெரிக்காவில் மருந்துக் குறிப்பு, நிமிடத்துக்கு 1 முதல் 2 லிட்டருக்குள் ஃப்ளோ இருந்தால் 2 மேக்-மணி நேரத்தை (மேக் அளவை மணி நேரத்தால் பெருக்கியது) தாண்ட வேண்டாம் என்றது. தேர்வில் அதை எழுதுங்கள். வலுவான காரம் இல்லாத புது வகை உறிஞ்சிகளில் காம்பவுண்ட் ஏ அநேகமாக வருவதே இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். என் கணிப்பில், இந்தப் பயத்துக்காக 3 லிட்டர் ஓட்டுவது காசைக் கரியாக்குவது.

கணக்குப் பாருங்கள். ஃப்ளோவை டயல் சதவீதத்தால் பெருக்கி, அதை மூன்றால் பெருக்கினால் ஒரு மணி நேரச் செலவு மில்லிலிட்டரில் வரும். 6 லிட்டர், 2 சதவீதம் என்றால் 36 மிலி. 250 மிலி பாட்டில் ஏழு மணி நேரத்தில் காலி. 1 லிட்டர் என்றால் 6 மிலி. அதே பாட்டில் நாற்பது மணி நேரம் வரும். அரசு ஸ்டோரில் இன்டென்ட் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும். வெளியே போகும் செவோவும் புவியைச் சூடாக்கும் வாயுதான். டெஸ்ஃப்ளூரேன் இன்னும் மோசம், கார்பன் டை ஆக்சைடைப் போல 2500 மடங்கு. 2023இல் ஸ்காட்லாந்து அதைக் கைவிட்டது, 2026 ஜனவரியில் இருந்து ஐரோப்பிய ஒன்றியமும் கட்டுப்படுத்தியிருக்கிறது.

எழுப்புவதும் மூடுவதும்

எழுப்பும்போது அதே கணக்கு தலைகீழாக. டயலை மூடிவிட்டு லோ ஃப்ளோவிலேயே விட்டால் நோயாளி தான் விட்ட செவோவையே திரும்ப இழுப்பார். தையல் முடியும் நேரம் டயலை மூடி, ஆக்சிஜனை 6 லிட்டருக்கு மேல் ஏற்றுங்கள். ஈடி 0.6, 0.5 என்று இறங்கும்போது கண் திறப்பார்கள். நாலைந்து மணி நேர கேஸ் என்றால் தசையிலும் கொழுப்பிலும் தேங்கியது மெதுவாக வரும். முன்கூட்டியே இறக்கத் தொடங்குங்கள். ரிலாக்ஸன்ட் மீண்டதை உறுதி செய்யாமல் மட்டும் எழுப்பாதீர்கள்.

இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் செவோவில் இருந்து எழும்போது அழுது புரண்டு, அம்மாவையே அடையாளம் தெரியாமல் திமிறும். முதலில் வலியா என்று பாருங்கள்; முதுகின் அடியில் ஊசி போட்டு மரக்க வைக்கும் கௌடல் பிளாக்கோ பாராசிட்டமாலோ ஒழுங்காகக் கொடுத்திருந்தால் பாதி பிரச்சினை இல்லை. முடிவில் கிலோவுக்கு 1 மிகி புரொப்போஃபால், அல்லது டெக்ஸ்மெடிடோமிடின், இதைக் குறைக்கும். மற்றபடி ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் தானே அடங்கும். அம்மாவை ரெக்கவரிக்குள் விடச் சொல்லுங்கள்.

லிஸ்ட் முடிந்ததும் ஃப்ளோமீட்டர்களை முழுக்க மூடுங்கள். சனிக்கிழமை திறந்தபடி விட்டுப்போன ஆக்சிஜன், திங்கட்கிழமைக்குள் சோடா லைமைக் காய வைத்துவிடும். காய்ந்த உறிஞ்சி செவோவை வேகமாக உடைத்து, டப்பா கடுமையாகச் சூடாகும். தீப்பிடித்த சம்பவங்களும் பதிவாகியிருக்கின்றன. நிறம் மாறவில்லையே என்று நம்பாதீர்கள், காய்ந்ததை நிறம் காட்டாது. திங்கள் காலை ஃப்ளோ ஓடிக்கொண்டிருந்தால், எத்தனை மணி நேரம் என்று ஆராயாமல் சோடா லைமை மாற்றிவிட்டு முதல் கேஸைக் கூப்பிடுங்கள்.